பிறருக்காகப் பேசும் சொல்

1787 மே 22 அன்று லண்டனில் ஓர் அச்சகத்தில் 12 பேர் கூடினார்கள். அவர்களில் 9 பேர் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர். ஆப்பிரிக்கர்களைப் பிடித்துக் கப்பலேற்றி விற்கும் தொழிலுக்கு முடிவு கட்டுவது அவர்கள் நோக்கம். தொடக்கத்திலேயே ஒரு கேள்வி குறுக்கே வந்தது. அடிமை முறை முழுவதையும் எதிர்ப்பதா, அடிமை வாணிபத்தை மட்டும் எதிர்ப்பதா? குழுவில் ஒருவரான கிரான்வில் ஷார்ப் முழுவதையும் எதிர்க்க வேண்டும் என்றார். மற்றவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கரும்புத் தோட்டத்து அடிமை சட்டப்படி முதலாளியின் சொத்து. அதில் கைவைத்தால் நாடாளுமன்றம் காதைப் பொத்திக்கொள்ளும். கடல் வாணிபத்தைக் கட்டுப்படுத்துவதோ நாடாளுமன்றம் வழக்கமாகச் செய்யும் வேலை. ஆகவே வாணிபம் மட்டும் என்று முடிவாயிற்று.

முற்போக்கு இயக்கங்கள் இன்று தங்கள் தொண்டர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்திச் சொல்லித் தரும் பாடங்களில் பலவற்றை இந்தக் குழு அன்றே செய்து பார்த்துவிட்டது. ஒரே ஒரு சின்னம், நெஞ்சில் தைக்கும் ஒரு படம், நேரில் பட்டவரின் கதை, ஊர் ஊராகக் கையெழுத்து, கடையில் வாங்க மறுப்பது, கேட்பவர் மனம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து பேச்சைத் தொடங்குவது. நியாயமான காரியம் என்றாலும், பிறர் மனத்தைத் திருப்பும் சொல்லை இப்படி ஒரு தொழிலாகப் பழகுவது தகுமா என்ற தயக்கம் நல்லவர்களுக்கு எப்போதும் உண்டு. உண்மை தானே வெல்லும், அதற்கு அலங்காரம் எதற்கு என்பார்கள்.

அந்தத் தயக்கத்தை மதிக்கலாம். ஆனால் ஏற்க முடியாது. உண்மை தானே வெல்லும் என்று பொறுமையாகக் காத்திருப்பவர் பெரும்பாலும் சவுக்கடிக்குத் தொலைவில் இருப்பவர். தோட்ட முதலாளிகளிடம் பணமும் பத்திரிகையும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இருந்தபோது, எதிரே நின்றவர்கள் சொல்லைத் தீட்டாமல் விட்டிருந்தால் அது தூய்மை ஆகியிருக்காது, கைவிடல் ஆகியிருக்கும். திருக்குறளிலும் சொல்வன்மைக்கு ஒரு முழு அதிகாரம் இருக்கிறது. அது அமைச்சியலில் நிற்கிறது. வாய்மை துறவறவியலில் நிற்கிறது. இரண்டையும் ஒருவரே சுமக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அந்தக் குழுவின் தாமஸ் கிளார்க்சன் செய்ததைப் பார்க்கலாம். பிரிஸ்டல், லிவர்பூல் துறைமுகங்களில் அலைந்து, அடிமைக் கப்பல்களில் வேலைசெய்த மாலுமிகள் எத்தனை பேர் செத்தார்கள் என்று பதிவேடுகளில் தேடினார். ஏறக்குறைய 20,000 மாலுமிகளின் விவரம் சேர்ந்தது. இந்த வாணிபம் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆள் வளர்க்கும் நாற்றங்கால் என்ற வாதம் அதோடு சரிந்தது. அது மாலுமிகளின் இடுகாடு என்று தெரிந்தது. ஆப்பிரிக்கரின் சாவு அசைக்காத நெஞ்சை ஆங்கிலேயரின் சாவு அசைக்கட்டும் என்ற இந்த வழி கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் பொய் இல்லை. செத்த மாலுமியும் மனிதன்தான். அவனுடைய சாவைச் சொன்னதால் எந்த அடிமையின் மதிப்பும் குறையவில்லை.

1788-இல் இயக்கத்தின் பிளைமவுத் கிளை வரைவித்த ‘புரூக்ஸ்’ கப்பல் படம் இன்னும் நேர்மையானது. கப்பலின் தளத்தில் ஆட்களைப் படுக்கவைத்து அடுக்கும் முறையை அது மேலிருந்து காட்டியது. அந்த ஆண்டில் வந்த சட்டம் அந்தக் கப்பலுக்கு அனுமதித்த எண்ணிக்கை 454. முன்பு ஒரு பயணத்தில் அது 609 பேரை ஏற்றிச் சென்றிருந்தது. மறு ஆண்டு லண்டனில் பெரிதாக அச்சிட்ட போதும் அந்த 609-ஐ வரையாமல், சட்டம் விட்ட அளவை ஒட்டியே வரைந்தார்கள். மிகைப்படுத்தினார்கள் என்று எவரும் வாய் திறக்க இடமில்லை. உண்மையைவிடக் குறைத்துச் சொல்லியும் பார்ப்பவரை நடுங்கவைக்க முடியும் என்பதை அந்தப் படம் காட்டிவிட்டது.

ஜோசையா வெட்ஜ்வுட் தன் மண்பாண்டத் தொழிற்சாலையில் செய்த பதக்கத்தின் கதை வேறு. விலங்கு பூட்டிய ஆப்பிரிக்கர் ஒருவர் மண்டியிட்டுக் கைகூப்பி, நானும் மனிதன், உங்கள் சகோதரன் இல்லையா என்று கேட்கிறார். பெண்கள் அதைக் கையணியிலும் கொண்டை ஊசியிலும் பதித்துக்கொண்டார்கள். ஆண்களின் பொடி டப்பி மூடியில் அது ஏறியது. உலகம் கண்ட வெற்றிகரமான பிரச்சாரச் சின்னங்களில் அது ஒன்று. அது நீதியைக் கேட்கவில்லை, இரக்கத்தைக் கேட்டது. குழு கூடிய அதே 1787-இல், அடிமையாக இருந்து விடுதலையான ஒட்டோபா குகுவானோ லண்டனில் புத்தகம் வெளியிட்டு, வாணிபமும் அடிமை முறையும் சேர்ந்தே ஒழிய வேண்டும் என்று வாதாடினார். 1789-இல் ஒலாடா எக்குவியானோ தன் வரலாற்றை எழுதி, நாடெங்கும் பயணம் செய்து தானே விற்றார். இவர்கள் யாரும் மண்டியிடவில்லை. கிளார்க்சனும் ஒரு மரப்பெட்டியில் ஆப்பிரிக்க நெசவுத் துணி, தந்தம், மிளகு, மரத்துண்டுகளை எடுத்துப் போய், அந்த மக்கள் கைவினை தெரிந்தவர்கள், வாணிபத்துக்குத் தக்கவர்கள் என்று காட்டினார். நிமிர்ந்து நிற்கும் உருவமும் கையருகிலேயே இருந்தது. குனிந்த உருவம்தான் பரவியது. குனிந்தவரைப் பார்த்துக் கண்ணீர் விடப் பழகியவர்களுக்கு, 1791-இல் பிரெஞ்சுக் காலனியான செயின்ட் டொமிங்கோவில் அடிமைகள் ஆயுதம் ஏந்தி எழுந்தபோது அவர்களை அடையாளம் தெரியவில்லை. பலர் அஞ்சிப் பின்வாங்கினார்கள்.

1806-இல் வழக்கறிஞர் ஜேம்ஸ் ஸ்டீபன் ஒரு தந்திரம் செய்தார். பிரிட்டிஷ் கப்பல்கள் அயல்நாட்டுக் காலனிகளுக்கு அடிமைகளைக் கொண்டுபோகக் கூடாது என்று, போர்க்கால நாட்டுப்பற்றின் பெயரில் மசோதா வந்தது. நாடாளுமன்றத்தில் இயக்கத்தின் குரலாக இருந்த வில்பர்ஃபோர்ஸ் வேண்டுமென்றே அடக்கி வாசித்தார். வாணிபத்தின் பெரும்பகுதி அதோடு அறுபட்டது. மறு ஆண்டு முழுத் தடையும் வந்தது. இது ஏமாற்றா? மசோதாவின் ஒவ்வொரு வரியும் எல்லோர் கண்முன்னும் இருந்தது. அதில் எழுதியிருந்தது எதுவும் பொய் இல்லை. ஏமாந்தவர்கள் தீமையின் காவலர்கள். இழந்தது அவர்களுடைய லாபம். இதைக் குற்றம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

1820-களில் வந்த சர்க்கரைக் கிண்ணங்களை அவ்வளவு எளிதில் விட முடியாது. மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையை வாங்க வேண்டாம், அடிமைகள் உழைக்காத கிழக்கிந்தியச் சர்க்கரையை வாங்குங்கள் என்று கிண்ணத்திலேயே எழுதி விற்றார்கள். ஆங்கில இல்லத்தரசிக்கு இதைவிட எளிதான அறம் கிடையாது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட இந்தியாவிலும் அடிமைகள் இருந்தார்கள். தஞ்சையிலும் செங்கல்பட்டிலும் பள்ளரும் பறையரும் நிலத்தோடு கட்டுண்டு, சில இடங்களில் நிலத்தோடு சேர்த்தே கைமாறினார்கள். சர்க்கரை வந்தது வங்கத்திலிருந்து, நெல்வயல் வேறு என்று சமாதானம் சொல்லலாம். கேட்பவர் மனத்தில் பதிந்ததோ கிழக்கில் அடிமைகள் இல்லை என்பதுதான். 1833-இல் வந்த விடுதலைச் சட்டம் கம்பெனியின் பகுதிகளையும் இலங்கையையும் விட்டுவிட்டது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் மனச்சாட்சியுள்ள பொதுமக்கள் கேள்வி கேட்காமல் இருந்ததற்கு அந்தக் கிண்ணமும் கொஞ்சம் உதவியிருக்கும். இந்தியாவில் அடிமை முறையின் சட்ட ஆதாரத்தை நீக்கும் சட்டம் 1843-இல்தான் வந்தது. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையின் வரிசையில் வைக்கலாம் என்று வள்ளுவர் இடம் கொடுப்பதை இயக்கக்காரர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அவர் வைத்த நிபந்தனையை யாரும் நின்று பார்ப்பதில்லை. கிண்ணத்துச் சொல்லின் விலையைக் கொடுத்தவர்கள் அதைப் படிக்கவே வாய்ப்பில்லாதவர்கள்.

ஸ்டீபனின் மசோதாவையும் இந்தக் கிண்ணத்தையும் பிரிக்கும் கோடு இங்கேதான் இருக்கிறது. உத்தி நுட்பமானதா, உணர்ச்சியைத் தூண்டுகிறதா, எதையாவது சொல்லாமல் விடுகிறதா என்பவை எல்லாம் இரண்டாம் கேள்விகள். யாருக்காகப் பேசுகிறோமோ அவர் அறைக்குள் வந்து உட்கார்ந்தாலும் அதே சொல்லைக் குரல் தழையாமல் சொல்ல முடியுமா என்பதே முதல் கேள்வி. மாலுமிக் கணக்கை எக்குவியானோ முன்னால் சொல்லலாம். புரூக்ஸ் படத்தையும் காட்டலாம். கிண்ணத்தை ஒரு தஞ்சைப் பண்ணையாள் முன்னால் நீட்ட முடியாது.

‘வாணிபம் மட்டும்’ என்ற முதல் முடிவும் இந்தக் கேள்விக்கு முன் தடுமாறுகிறது. அதைக் காப்பாற்ற, அடிமைகளை விடுவிப்பது எங்கள் எண்ணமே இல்லை என்று இயக்கத்தார் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. 1807-இல் வெற்றி வந்தது. தோட்டங்களில் எதுவும் மாறவில்லை. 1823-இல் அமைந்த புதிய சங்கம் தன் பெயரிலேயே ‘படிப்படியாக’ என்று வைத்துக்கொண்டது. மறு ஆண்டு எலிசபெத் ஹேரிக் என்ற குவேக்கர் பெண், படிப்படியாக வேண்டாம், உடனே வேண்டும் என்று துண்டுநூல் எழுதினார். கேட்பவர் தாங்குவாரா என்று தலைவர்கள் பார்த்தார்கள். அடிமை தாங்குவாரா என்று அவர் பார்த்தார். 1830-இல் பர்மிங்ஹாம் பெண்கள் சங்கம், ‘படிப்படியாக’ என்ற சொல்லை எடுக்காவிட்டால் நன்கொடை கிடையாது என்று அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் சொல் போயிற்று.

அந்த மாதத்தில் மேரி பிரின்ஸ் லண்டனில், 1823 சங்கத்தின் செயலாளர் தாமஸ் பிரிங்கிள் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். பெர்முடாவில் அடிமையாகப் பிறந்து, முதலாளியோடு லண்டன் வந்த இடத்தில் அவரை விட்டு வெளியேறியவர். அடிமை பட்டதை அடிமையின் வாயாலேயே ஆங்கிலேயர் கேட்கட்டும் என்று அவரே விரும்பிச் சொன்ன வரலாறு 1831-இல் புத்தகமாக வந்தது. ஆனால் சொன்னது எல்லாம் அச்சேறவில்லை. மணமாகும் முன் ஒரு கப்பல் தலைவரோடு தான் வாழ்ந்ததையும் கேட்டு எழுதியவரிடம் சொல்லியிருந்ததாக, முதலாளி பிரிங்கிள் மீது போட்ட அவதூறு வழக்கில் 1833-இல் அவரே சாட்சி சொன்னார். அது நூலில் இல்லை. பக்தியும் கற்பும் மாறாத பெண்ணாக இருந்தால்தான் வாசகர் இரங்குவார் என்ற கணக்கு. நீதிமன்றத்தில் அது எதிரியின் கையில் ஆயுதமாயிற்று. வழக்கில் பிரிங்கிள் தோற்றார்.

இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. 2008-இல் கலிபோர்னியாவில் ஒருபாலினத் திருமணத்துக்கு எதிரான வாக்கெடுப்பில் தோற்ற இயக்கத்தார், உரிமை என்ற பேச்சைப் பின்னுக்குத் தள்ளி, காதலையும் பற்றுறுதியையும் முன்வைக்கக் கற்றார்கள். 2012-இல் மெயின், மேரிலாந்து, வாஷிங்டன் மாநிலங்களில் வென்றார்கள். அது உண்மையான காதல். அதைச் சொன்னதில் தவறில்லை. ஆனால் விளம்பரத்தில் வந்த ஒழுங்கான தம்பதியைப் போல் இல்லாதவர்கள், திருமணமே வேண்டாதவர்கள், அந்தப் படத்தில் தங்களைத் தேடியிருப்பார்கள். இன்றைய இயக்கங்கள் எந்தச் சொல் யாரை அசைக்கிறது என்று சோதிக்க, முடிவெடுக்காத வாக்காளர்களைக் கூப்பிட்டுக் கூலி கொடுத்து உட்காரவைக்கிறார்கள். அதே அளவு கூலி கொடுத்து, பாதிக்கப்பட்டவர்களில் படத்துக்குப் பொருந்தாதவர்களையும் கூப்பிட வேண்டும். வாசகத்தை அடிக்கும் பேனா அவர்கள் கையிலும் இருக்க வேண்டும். அதனால் சில தேர்தல்கள் தோற்கலாம், சில சட்டங்கள் தாமதமாகலாம். அந்தத் தாமதத்தைத் தாங்குவதா என்று முடிவுசெய்யும் உரிமையும் அவர்களுடையதே.