அடைத்த ஜன்னல்

எழுதுகிறவனுக்கு நிசப்தம் வேண்டும் என்பதை நம் வட்டத்தில் யாரும் சந்தேகிப்பதில்லை. தெரு இரைச்சல் எதிரியின் காரியம். இரட்டைக் கண்ணாடி போட்டு, விளிம்பில் ரப்பர் வைத்து, ஜன்னலை இறுக்குவது சுயரக்ஷணை. அந்த நிசப்தம் யார் செலவில் கிடைக்கிறது என்ற கேள்வியை மட்டும் யாரும் உள்ளே விடுவதில்லை.

தாமஸ் கார்லைலின் விஷயம் இதைச் சற்று அசௌகரியமாகவே காட்டுகிறது. மௌனத்தின் மகிமையைப் பற்றி ஓயாமல் எழுதியவர் (இந்த முரண் நம்மவர்களுக்கும் புதிதல்ல). லண்டன் செல்ஸியில் 1834லிருந்து அவர் குடியிருந்த வீட்டில் அண்டை வீட்டுச் சேவல்களும், பியானோவும், தெருவில் ஆர்கன் வாசித்துப் பிழைத்தவர்களும் அவரை வதைத்தார்கள். 1853ல் வீட்டின் உச்சியில் ஓர் அறை கட்டிக்கொண்டார். இரட்டைச் சுவர், வெளிச்சத்துக்குக் கூரையில் பதித்த கண்ணாடி.

அறை தோற்றது. சப்தத்துக்கு ஒரு சிறு இடுக்கு போதும். சுவர் தடுத்ததைக் கூரை உள்ளே விட்டது. ஆனால் இது தச்சனின் குறை மட்டுமல்ல. பக்கத்துச் சந்தடி அடங்கினால் அது மூடியிருந்த தூரத்துச் சப்தம் மேலெழும். கீழே இருந்தவரை காதில் விழாத ரயில் ஊளை மேலே போனதும் விழத் தொடங்கியது. நிசப்தத்தைத் தேடுகிற காது, தேடத் தேடக் கூர்மையாகிறது.

இந்த அறையில்தான் ஃபிரெடெரிக் மன்னனின் சரித்திரம் எழுதப்பட்டது. ஆறு தொகுதிகள், 1865ல் முடிந்தது. கட்டட வேலையின் தூசியையும் கூச்சலையும் சகித்தவள் மனைவி ஜேன். சேவல்களுக்காக அண்டை வீட்டாரிடம் பேசப் போனவளும் அவளே. உண்மையில் அந்த வீட்டின் இரட்டைச் சுவர் அவள்தான். 1866ல் ஜேன் இறந்தாள். அதன் பிறகே அவளுடைய குறிப்புகளையும் கடிதங்களையும் கார்லைல் உட்கார்ந்து படித்தார். அவள் எவ்வளவு தனிமையில் இருந்தாள் என்று தெரிந்து உடைந்துபோனார். சேவல் கூவினால் துடித்த காது அது.

தன்னை அடைத்துக்கொள்கிறவன் பிறர் பிழைப்பில் கை வைப்பதில்லையே என்று கேட்கலாம். நியாயம்தான், எனக்கும் அந்தப் பக்கம் மரியாதை உண்டு. ஆனால் அடைப்பு அத்துடன் நிற்பதில்லை. 1864ல் தெரு வாத்தியக்காரர்களைக் கட்டுப்படுத்த லண்டனில் சட்டம் வந்தது. தன் வேலை கெடுகிறது என்று வீட்டுக்காரர் சொன்னால் வாசிப்பவன் நகர்ந்தாக வேண்டும். அதற்கு ஆதரவாக டிக்கன்ஸும் டென்னிஸனும் கையெழுத்திட்ட கடிதத்தில் கார்லைலின் கையெழுத்தும் இருந்தது. பதினோரு வருஷம் இரட்டைச் சுவருக்குள் இருந்தவரின் கையெழுத்து!

பின்னால் அரசாங்கமே ஜன்னலை அடைக்க முன்வந்தது. இங்கிலாந்தில் 1975ல் வந்த விதிகளின்படி, புதிய சாலையின் இரைச்சல் ஒரு வீட்டை 68 டெசிபல் அளவில் தாக்கினால், ஜன்னலுக்கு இரண்டாவது கண்ணாடி போட்டுத்தர வேண்டும். ஜன்னலைத் திறக்க முடியாது என்பதால் காற்றுக்கு ஒரு சாதனமும் உண்டு. தூங்காத குழந்தையை வைத்துக்கொண்டிருப்பவர் இதை வாங்கிக்கொள்வார். நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கண்ணாடியோடு வழக்கும் முடிந்துவிடுகிறது. சாலை தன்பாட்டுக்கு இரைகிறது. அதன் ஓரத்தில் கடை போட்டிருப்பவனுக்கும் பஸ்ஸுக்கு நிற்பவளுக்கும் இரண்டாவது கண்ணாடி கிடையாது. அவர்களுக்காகச் சண்டை போட்டிருக்கக்கூடியவர்கள் உள்ளே, கேட்காத தூரத்தில் இருக்கிறார்கள்.

புத்தகம் முடிந்ததும் கார்லைல் அந்த அறையை விட்டுக் கீழே வந்துவிட்டார். பிற்பாடு அதை வேலைக்காரப் பெண்ணுக்குப் படுக்கக் கொடுத்தார்கள்.