ஜாகாவின் பொறுமை

தம்போய் என்றால் ஜொகூரில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பெர்மாய் மனநல மருத்துவமனைதான். 1937இலிருந்து அது அங்கே இருக்கிறது. யாரையாவது கிண்டல் செய்ய வேண்டுமென்றால், "ஒன்ன தம்போய்க்குத்தான் அனுப்பணும்" என்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் தம்போய் என்றால் தொழிற்பேட்டை. அப்பா அங்கே ஒரு தொழிற்சாலையில் ஜாகா. இரவு ஏழு மணிக்குப் போனால் மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் இறங்குவார். 'ஜாகா' மலாய்ச் சொல். காப்பது, கவனித்துக்கொள்வது என்று பொருள். இங்குள்ள நம் ஆட்களுக்குக் காவலாளி என்ற சொல்லைவிட அதுதான் வாயில் வரும்.

2022 செப்டம்பரிலிருந்து அப்பாவுக்குச் சம்பளம் வரவில்லை. அவரை வேலைக்கு வைத்திருந்தது தொழிற்சாலை அல்ல, நடுவில் இருந்த ஒரு செக்யூரிட்டி கம்பெனி. போன் போட்டால், "அடுத்த வாரம் போட்டுர்றோம் அங்கிள்" என்பார்கள். மூன்று மாதமும் அடுத்த வாரமாகவே போனது. என் சம்பளத்தில் வீடு ஓடியது. வாடகை மட்டும் இரண்டு மாதம் பாக்கி.

டிசம்பர் 11 திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அந்த ஞாயிறில் யாக்கோபின் கடிதம் ஐந்தாம் அதிகாரம் வாசிக்கப்படும், ஏழு முதல் பத்து வரையிலான வசனங்கள். முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கிற விவசாயியைப்போல நீடிய பொறுமையாயிருக்கச் சொல்கிற பகுதி. ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவர் அப்பாவின் தோளைத் தட்டி, "பொறுமையா இருங்க பிரதர். கர்த்தர் பாத்துக்குவாரு" என்றார். அப்பா தலையாட்டினார். மூப்பர் நல்ல மனிதர். இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு அரிசி மூட்டை வந்தது அவரால்தான். இருந்தும் எனக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்து பைபிளைத் திறந்தேன். அந்த ஏழாம் வசனம் தமிழில் 'இப்படியிருக்க' என்று தொடங்குகிறது. எப்படியிருக்க? மேலே போய்ப் பார்த்தால் நான்காம் வசனத்தில் கூலி. வயல்களை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பிடித்து வைத்த அந்தக் கூலியே கூச்சல் போடுகிறது, அறுத்தவர்களின் கூக்குரல் கர்த்தரின் காதுக்குப் போய்விட்டது என்கிறார் யாக்கோபு. அந்த ஆறு வசனங்களும் ஐசுவரியவான்களை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னவை. அதற்குப் பிறகுதான் 'இப்படியிருக்க', அதற்குப் பிறகுதான் பொறுமை. அன்று கோயிலில் நாங்கள் கேட்டது கூச்சலை விட்டுவிட்டு மிச்சமிருந்த பொறுமையை மட்டும்.

விவசாயியின் உவமையையும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மழை எந்த மனிதன் கையிலும் இல்லை. உழுது விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பதைத் தவிர விவசாயிக்கு வேறு வழியில்லை. அங்கே பொறுமை ஓர் அறிவு. அப்பாவின் சம்பளம் அப்படியில்லை, அது ஒருத்தர் கையில் இருந்தது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கொடுக்க வேண்டியவன் கொடுக்காமல் இருப்பதை மழை பெய்யாததுபோல நினைத்துக்கொள்வது பக்தி ஆகுமா? யாக்கோபு இரண்டையும் குழப்பவில்லை. மழைக்குக் காத்திருக்கச் சொன்ன அதே ஆள்தான் கூலிக்குக் கூச்சல் உண்டு என்றும் சொன்னவர்.

அதே அதிகாரத்தில் பொறுமைக்கு அவர் காட்டும் இன்னோர் ஆள் யோபு. யோபின் புத்தகத்தை முழுக்கப் படித்தவர்களுக்குத் தெரியும், மூன்றாம் அதிகாரத்தில் பிறந்த நாளைச் சபிக்கத் தொடங்கியவன் லேசில் நிறுத்தவில்லை. 'உன் பாவத்துக்குத்தான் இது, அடங்கு' என்று புத்தி சொன்ன நண்பர்களைத்தான் கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்கிறார். அன்றைய ஞாயிறின் சுவிசேஷ வாசிப்பும் நினைவுக்கு வந்தது. சிறையில் இருக்கும் யோவான் ஸ்நானன் ஆள் அனுப்பி இயேசுவிடம் கேட்கிறான்: வருகிறவர் நீர்தானா, இல்லை இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா? காத்திருந்து சலித்தவனின் கேள்வி. இயேசு அவனைக் கண்டிக்கவில்லை. கேட்டவர்கள் திரும்பிப் போன பிறகு கூட்டத்தின் முன்னால் அவனைப் புகழ்கிறார்.

தமிழில் காத்திரு என்பதே காத்து இரு என்பதுதான். நம் மொழியில் காத்திருப்பவன் காவல்காரனும்கூட. 130ஆம் சங்கீதத்தில் கடவுளுக்காகக் காத்திருக்கும் ஆத்துமாவுக்கு ஒப்பாக வருவது, விடியலைப் பார்த்திருக்கும் ஜாமக்காரர்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பா டார்ச்லைட்டோடு கேட்டைச் சுற்றி வருவது தெரியும். ஜாகாவால் விடியலை ஒரு நிமிடம்கூட முன்னால் இழுக்க முடியாது. அந்த வகையில் அவன் பொறுமைசாலி. ஆனால் திருடன் சுவரேறுவதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் அவனுக்குப் பெயர் பொறுமைசாலி இல்லை. எசேக்கியேல் 33இல் பட்டயம் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவல்காரனிடம் கடவுள் இரத்தப்பழி கேட்கிறார். சத்தம் போடுவதும் காத்திருப்பின் ஒரு பாகம்தான்.

அப்புறம், பொறுமையை யார் யாரிடம் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். 1963 ஏப்ரலில் அலபாமாவில் எட்டு வெள்ளை மதகுருமார்கள், கறுப்பினத்தவரின் போராட்டம் காலம் அறியாதது என்று அறிக்கை விட்டார்கள். பர்மிங்ஹாம் சிறையிலிருந்து அவர்களுக்கு நீண்ட பதில் எழுதிய மார்ட்டின் லூதர் கிங்கும் ஒரு போதகர்தான். அடுத்த ஆண்டு வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பு, 'நம்மால் ஏன் காத்திருக்க முடியாது' என்ற பொருளில் இருந்தது. காத்திருப்பின் விலையைக் கொடுக்காதவர்கள் அதை அடுத்தவனுக்குச் சிபாரிசு செய்யக்கூடாது என்று அவரைப் படித்த பிறகு எனக்குத் தோன்றியது. பொறுமை நான் எனக்கே கேட்டுக்கொள்ள வேண்டியது. இன்னொருவரிடம் கேட்பதானால் அவரோடு போய் வரிசையில் நிற்க வேண்டும்.

இதையெல்லாம் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கேட்டார்.

"தெரியும்மா. கார்ட் ஹவுஸ்ல ராத்திரி வேற என்ன வேல, அதத்தானே படிக்கிறேன். அந்த ஆறு வசனம் பணக்காரங்களுக்கு எழுதுனது. அவங்கதானே படிக்கணும்?"

"அவங்க படிக்க மாட்டாங்கப்பா. நாமதான் படிச்சுக் காட்டணும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "பின் கேட்டுல ஒரு நேப்பாளத்துப் பையன் நிக்கிறான். அவன் பெர்மிட் கம்பெனி பேர்ல இருக்கு. நான் புகார் கொடுத்துட்டு வெளிய வந்துட்டா அவன் தனியா மாட்டிக்குவான். அதான் யோசிக்கிறேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று மாதமாக அப்பாவின் பொறுமையைப் பயம் என்று நினைத்திருந்தேன். அவர் உண்மையாகவே ஒருவனைக் காத்து இருந்திருக்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் ஒருவரின் பொறுமையை மெச்சுவதற்கும் ஏசுவதற்கும் முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. நானும் மூப்பரும் கேட்கவில்லை. அவர் மெச்சினார், நான் மனசுக்குள் ஏசினேன்.

ஜனவரியில் அப்பா தொழிலாளர் இலாகாவுக்குப் போனார். அந்தப் பையனும் சம்பளம் வராத இன்னும் இரண்டு பேரும் கூடவே போனார்கள், நானும் லீவு எடுத்துக்கொண்டு போனேன். நால்வரும் தனித்தனியாகப் புகார் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு விசாரணைத் தேதிக்குக் காத்திருந்தோம். அதுவும் காத்திருப்புதான், விதைத்தவனின் காத்திருப்பு. அந்த மாதங்களில் அப்பா முன்பைவிட நன்றாகத் தூங்கினார்.

ஏப்ரலில் இரண்டு மாதச் சம்பளம் நால்வருக்கும் வந்தது. மூன்றாவது மாதத்துக்கு இன்னொரு தேதி கொடுத்தார்கள். அந்த ஞாயிறு மூப்பர் சந்தோஷமாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா பிரதர், பொறுமைக்குப் பலன்!"

"ஆமாங்கய்யா" என்றார் அப்பா. "ஏழரைக்கே போய் வாசல்ல நின்னோம். அடுத்த தேதி வர்ற மாசம். நீங்களும் கூட வர்றீங்களா?"

மூப்பர் ஒரு கணம் அப்பாவையே பார்த்தார். பிறகு போனை எடுத்துத் தேதியைக் குறித்துக்கொண்டார்.