வீடு ஒதுக்குதல்

உம்மா மௌத்தாகி மூன்று மாதம் கழித்து, புத்தளம் தில்லையடியில் உள்ள அவவின் வீட்டை நானும் இரண்டு தங்கச்சிமாரும் திறந்தோம். வீட்டை விற்பதென்று முடிவாகியிருந்தது. வாங்குகிறவர் ஒரு மாதத் தவணை தந்திருந்தார். வீடு ஒதுக்குவது எங்களுக்குப் புதிய வேலையல்ல. நோன்புக்கு முன் ஷஃபானில் ஒவ்வொரு வருடமும் உம்மாவோடு சேர்ந்து செய்ததுதான். ஆனால் பின்னறையை மட்டும் அவ யாரையும் தொடவிட்டதில்லை. இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்து வந்தவர்கள் அந்தக் கதவைத் திறந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கூரை முட்டப் பால்மா டின்கள், எல்லாம் கழுவிக் காயவைத்து மூடி போட்டவை. மடித்து மடித்து அடுக்கிய சொப்பிங் பைகள். நிவாரண அரிசி வந்த சாக்குகள். முகாமில் கொடுத்த நீலத் தறப்பாள், அதன் மடிப்புகளில் வெடிப்பு விழுந்திருந்தது. முழ நீளமும் இல்லாத கயிற்றுத் துண்டுகள். கண்ணாடி இல்லாத அரிக்கன் லாம்பு. என் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சப்பாத்துகள் (அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள்). இறப்பர் பட்டி போட்டுக் கட்டிய நிவாரண அட்டைகள். அவவின் கட்டிலுக்குக் கீழே ஒரு சூட்கேஸ். அதற்குள் இரண்டு சேலை, ஒரு துவாய், முசல்லா, தீப்பெட்டி, மெழுகுதிரி, பனடோல், அடையாள அட்டையின் போட்டோப்பிரதி. எந்த நேரமும் கையில் தூக்கிக்கொண்டு இறங்கத் தயாரான பெட்டி.

அந்த வீட்டில் 1990க்கு முந்திய ஒரு பொருளும் இருக்கவில்லை. உம்மாவின் கல்யாணப் படம்கூட இல்லை. அவ்வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறும்படி விடுதலைப் புலிகள் சொன்னார்கள். வழியில் சோதித்து நகையையும் காசையும் எடுத்துக்கொண்டார்கள். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சோனகதெரு வீட்டில் அடுப்பில் சோறு இருந்தது. உம்மா அதை இறக்கி வைத்துவிட்டு வந்தா. அடுப்பை அணைத்தேனா என்பது பல வருடங்கள் அவவுக்கு ஒரு கவலையாக இருந்தது.

பின்னறையைப் பற்றிக் கொழும்பிலிருக்கும் என் மகளிடம் தொலைபேசியில் சொன்னபோது, மரி கொண்டோ என்ற ஜப்பானியப் பெண்மணியின் முறையைப் பின்பற்றச் சொன்னாள். 2011இல் வெளிவந்து பல மொழிகளுக்குப் போன புத்தகமாம். ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்துப் பார்க்க வேண்டும். மகிழ்ச்சி தந்தால் வைக்கலாம், தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். நினைவுப் பொருட்களைக் கடைசிக்கு விட வேண்டும். கேலி பண்ண எனக்கு மனமில்லை. தேவைக்கு மேல் வாங்கிக் குவித்துவிட்டு மூச்சுமுட்டுகிறவர்களுக்கு அது நல்ல வழிதான். ஆனால் நிவாரண அட்டையைக் கையிலெடுத்து மகிழ்ச்சி வருகிறதா என்று பார்ப்பது எப்படி? எங்களிடம் ஊர்க்காணியின் உறுதி இல்லை, பள்ளிக்கூடச் சான்றிதழ் இல்லை. அப்படி ஒன்று நடந்தது என்பதற்கு எங்கள் கையிலிருக்கும் சாட்சி அந்த அட்டைகள்தான். ஒரு பொருள் துக்கத்தைத் தருகிறது என்பதற்காகவே அதை வைத்திருக்க வேண்டியும் வரலாம்.

சின்னத் தங்கச்சி முதல் டின்னை வெளியே போட மறுத்துவிட்டாள். "நானா, உம்மாவை ரெண்டாந்தரமும் வெளியாக்கிறோம்" என்றாள். மூத்தவள் நடைமுறைக்காரி. டெங்கு நுளம்பைப் பற்றிப் பேசினாள். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது.

மார்க்கச் சட்டம் எங்களுக்கு வேறொரு பதிலை வைத்திருந்தது. மையித்தின் செலவு, கடன், மூன்றிலொன்றுக்கு மேற்படாத வசிய்யத் ஆகியவை போக மிஞ்சும் எல்லாமே வாரிசுகளுடையது. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமில்லா வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் நாட்டில் இதையே நடைமுறையாக்குகிறது. எங்கள் கணக்கு எளிது. எனக்குப் பாதி, தங்கச்சிமாருக்குக் காற்பங்கு வீதம். வீட்டின் விலையை அப்படிப் பிரித்தோம். நூற்றிச்சொச்சம் பால்மா டின்னிலும் ஐம்பது எனக்கு வரும் என்று மூத்தவள் சொன்னபோது மூன்று பேரும் சிரித்துவிட்டோம். மூன்று மாதத்துக்குப் பிறகு சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

அன்றிரவு படுக்கும்போது 2002இல் நடந்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. யுத்தநிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்த அந்த வருடம் உம்மாவை ஊருக்குக் கூட்டிப்போனேன். வாப்பா அதைப் பார்க்க இருக்கவில்லை. 1997இலேயே முகாமில் மௌத்தாகிவிட்டார். எங்கள் வீட்டுக்கு ஓடில்லை, யன்னல் இல்லை, கதவு நிலைகளையும் பெயர்த்திருந்தார்கள். குசினி இருந்த இடத்தில் பப்பாசி மரமொன்று காய்த்து நின்றது. உம்மா அழவில்லை. அடுப்பு இருந்த மூலையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றா.

திரும்பும்போது வேலிக்கு அப்பால் முன்பிருந்த தமிழ்க் குடும்பத்தின் அம்மா எங்களைக் கண்டு வீட்டுக்குள் கூட்டிப்போனா. தேத்தண்ணீர் வைத்தா. பிறகு தயங்கித் தயங்கி, "அக்கா, உங்கட மெசின் இஞ்ச இருக்குது" என்றா.

உம்மாவின் சிங்கர் தையல் மெசின். நாங்கள் போன மறுநாள் வீட்டுக்குள் ஆட்கள் புகுந்து சாமான்களை அள்ளும்போது, அதன் தலைப்பாகத்தை மட்டும் கழற்றி வேலியால் எடுத்து வந்தாவாம். முதலில் வைத்திருக்கத்தான் எடுத்தா. பிறகு கஷ்டம் வந்தபோது மகள் அதில் தைக்கப் பழகினாள். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30இல், வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சிக்குப் போனபோது அவர்களும் போனார்கள். சைக்கிள் கரியரில் மெசின் தலையைக் கட்டிக்கொண்டு போய் அடுத்த வருடம் அதோடு திரும்பி வந்தார்கள். இப்போது ஒரு பலகை மேசையில் பொருத்தியிருந்தது. உம்மா தன் கையால் சிவப்பு நெயில்பொலிஷ் பூசிய அடையாளம் ஊசித்தகட்டின் ஓரத்தில் இன்னும் தெரிந்தது. பாவாடைச் சட்டைத் துணியொன்று பாதித் தையலில் கிடந்தது. அந்த மகள் கதவுநிலையில் சாய்ந்துகொண்டு எங்களைப் பார்க்காமல் நின்றாள்.

"எண்ணெய் விட்டு வச்சிருக்கிறம். நீங்கள் இண்டைக்கே கொண்டுபோகலாம்."

உம்மா சில்லை ஒருதரம் கையால் சுற்றிப் பார்த்தா. "நல்லா ஓடுது. இது தங்கச்சியிட கையில இருக்கட்டும். எனக்கு இப்ப ஊசியில நூல் கோர்க்கக் கண் தெரியுறல்ல" என்றா. கண் தெரியவில்லை என்பது பொய். அதற்குப் பின்னும் பத்து வருடம் புத்தளத்தில் கையால் தைத்தவ அவ.

பஸ்ஸில் நான் கோபப்பட்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். அது எங்களுடைய பொருள் என்றேன். ஒரு துண்டுத் துணியும் மிஞ்சாத எங்களுக்கு மிஞ்சிய ஒரே பொருளை ஏன் விட்டு வந்தீர்கள் என்றேன். அமானிதமாக எடுத்ததை அனுமதியில்லாமல் பாவிக்கலாமா என்று பிக்ஹும் பேசினேன். உம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தா. வவுனியா தாண்டிய பிறகு, "அவ தாறன் எண்டு சொன்னாதானே. அது போதும்" என்றா. அவ்வளவுதான். அதன் பிறகு மெசினைப் பற்றி அவ பேசியதே இல்லை.

அந்த உம்மாதான் ஒற்றைக் கயிற்றுத் துண்டையும் எறியவிடாமல் இருபது வருடத்துக்கு மேல் சேர்த்து வைத்தவ. பழைய டின்னைக் கொடுக்க மாட்டா, மெசினைக் கொடுத்துவிட்டா. எனக்கு இது நீண்டகாலம் விளங்கவில்லை.

இமாம் கஸ்ஸாலியின் இஹ்யாவில் வறுமையையும் பற்றறுத்தலையும் பற்றி ஒரு நூற்பகுதி உண்டு. இரண்டையும் அவர் பிரிக்கும் விதம் கவனிக்கத்தக்கது. உலகம் மனிதனைவிட்டு விலகிப்போனால் அது ஃபக்ர், வறுமை. மனிதன் தானாக உலகத்தைவிட்டு விலகினால் அது ஸுஹ்த், பற்றறுத்தல். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் வெறுங்கையாகத்தான் தெரியும். எங்கள் மிம்பர்களில் வெளியேற்றத்தைப் பற்றிப் பேசிய சிலர் இந்த வேறுபாட்டை மறந்துவிட்டார்கள் என்பது என் மனக்குறை. உலகம் அற்பமானது, போனதற்குக் கவலைப்படாதீர்கள் என்று முகாமில் எங்களுக்குச் சொன்னார்கள். ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் பறிகொடுத்தவனிடம் துறவைப் பற்றிப் பேசுவது, பறித்தவனின் வேலையைப் பாதி இலேசாக்கிவிடுகிறது.

ஒன்றை விட வேண்டுமானால் முதலில் அது கையில் இருக்க வேண்டும். மெசின் 2002இல் அந்த வீட்டில் வைத்து உம்மாவின் கைக்கு வந்தது. "கொண்டுபோகலாம்" என்ற அந்தச் சொல்லோடு அவ பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு மறுபடியும் ஒரு பொருளின் உடைமைக்காரியானா. அதனால்தான் அதைக் கொடுக்க அவவால் முடிந்தது. நான் அதை இழப்பின் தொடர்ச்சியாகப் பார்த்தேன். 1990க்குப் பிறகு ஊரில் எங்களுக்குக் கிடைத்த ஒரே நியாயம் அதுதான் என்பதை அவ கண்டுகொண்டா என்று இப்போது நினைக்கிறேன்.

டின்களின் கதை வேறு. அவற்றை அவ விரும்பிச் சேர்க்கவில்லை, பயந்து சேர்த்தா. அந்தப் பயத்தை மூடத்தனம் என்றும் சொல்ல முடியாது. 2004 டிசம்பரில் சுனாமி வந்து கிழக்குக்கு அனுப்பப் பள்ளிவாசலில் சாமான் சேர்த்தபோது, அரிசியும் பருப்பும் நிரப்பி முப்பது டின் கொடுத்தவ உம்மாதான். சனம் வெறுங்கையோடு நிற்கும்போது எதில் தண்ணீர் அள்ளும், எதில் மாவைப் போட்டு வைக்கும் என்று அவவுக்குத் தெரிந்திருந்தது. கொடுத்த முப்பதையும் அடுத்த ஓரிரு வருடத்தில் மறுபடி சேர்த்துவிட்டா.

மறுநாள் வேலை ஓடியது. உம்மாவுக்கு எது பாவனைக்கு உதவுமோ அது பெறுமதியானது. அந்த அளவுகோலையே நாங்களும் எடுத்துக்கொண்டோம். மூடி இறுகிய டின்களையும் சாக்குகளையும் பக்கத்துக் கடைக்காரர் வந்து எடுத்துக்கொண்டார். சேலைகளைத் துவைத்து மடித்துக் கொடுத்தோம். துருப்பிடித்தவை பழைய இரும்பு வாங்குகிறவரின் லொறியில் போயின. கிழிந்த யாஸீன் கிதாபுகளையும் உதிர்ந்த குர்ஆன் தாள்களையும் வெள்ளைத் துணியில் சுற்றி, ஆள் மிதிக்காத வேலியோரத்தில் குழிவெட்டி வைத்தோம். எதையும் கண்டபடி எறியாமல் விடுவதற்கும் ஓர் ஒழுங்கு நம்மிடம் இருக்கிறது என்பது அந்தக் குழிக்குப் பக்கத்தில் நிற்கும்போது உறைத்தது. நிவாரண அட்டைகளை நான் எடுத்துக்கொண்டேன். படம் பிடித்துவிட்டு எறியுங்கள் என்றாள் மகள். படமும் பிடித்தேன், அட்டையும் இருக்கிறது. தறப்பாளை என்ன செய்வதென்று தெரியாமல் வெகுநேரம் நின்றுவிட்டு, மூத்தவளே மடித்துத் தன் வாகனத்தில் போட்டுக்கொண்டாள். டெங்கைப் பற்றிப் பேசியவள் அவள்தான்.

சூட்கேசைப் பற்றித்தான் யாரும் பேச்செடுக்கவில்லை. கடைசி நாள் சாவியைக் கையளிக்கும்போது அது சின்னத் தங்கச்சியின் ஓட்டோவில் இருந்தது.

போன மாதம் அவள் வீட்டில் ஓரிரவு தங்கினேன். ஸுபஹுக்கு எழும்பிச் செருப்பைத் தேடிக் குனிந்தபோது கட்டிலுக்குக் கீழே அந்தச் சூட்கேஸ் கிடந்தது. திறந்து பார்த்தேன். உம்மாவின் சேலைகள் இல்லை. தங்கச்சியின் அபாயா ஒன்றும், பேரனின் உடுப்பு இரண்டு சோடியும் இருந்தன. மெழுகுதிரிக்குப் பதிலாக ஒரு டோர்ச் லைட். பனடோல் அட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் திகதியைப் பார்த்தேன். புதிதாக வாங்கியது. மூடி, இருந்த இடத்திலேயே தள்ளிவைத்துவிட்டு வுளூச் செய்யப் போனேன்.