தாய்ப்பறவைக்கு ஒரு கட்டளை



இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரத்தில், நாம் கவனிக்காமல் கடந்துபோகிற ஒரு கட்டளை இருக்கிறது. வழியில் பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம். தாயைப் பிடிக்கக் கூடாது. எடுக்கவே வேண்டாம் என்று ஆண்டவர் சொல்லவில்லை. மனிதனின் பசி அவருக்குத் தெரியும். ஆனால் கூடு மறுபடியும் நிறைய வேண்டும் என்று எல்லை வைக்கிறார். கடைப்பிடிப்பவருக்கு நலமும் நீண்ட வாழ்வும் வாக்களிக்கிறார். தாய் தந்தையை மதிப்பவருக்குத் தந்த அதே வாக்குறுதி! ஒரு பறவைக்காக இவ்வளவு.

திருச்சுழியைத் தொட்டு ஓடும் நம் குண்டாறு, கமுதி தாண்டி மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. அந்தக் கடலோரச் சீமையில் முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று இரண்டு கண்மாய்கள். 1989இல் பறவைகள் சரணாலயங்கள் ஆயின. 2022இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தன. நம் ஊர்க் கண்மாய் போன்றவைதாம். மழை பெய்து தண்ணீர் நின்றால் சங்குவளை நாரையும் அரிவாள்மூக்கனும் வந்து நாட்டுக்கருவேலில் கூடு கட்டும்.

பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று நம் முன்னோருக்குத் தெரியும். வேடந்தாங்கல் உழவர்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, நாரைகளைச் சுட்ட ஆங்கிலச் சிப்பாய்களைப் பற்றி கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, பாதுகாப்பு எழுதி வாங்கினார்கள். சிவகங்கைச் சீமை வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. வெடித்தொழிலால் பிழைக்கும் மாவட்டத்துக்காரர்களான நமக்கு, ஒரு குழந்தை மத்தாப்பை விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரியது என்று தெரியும்.

நம்மில் பலர் வீட்டில் அடுப்பெரிவது கரிமூட்டத்தால். அந்தப் பிழைப்பை நான் குறை சொல்லமாட்டேன். கரிக்கு மரம் வேண்டுமானால் ஊராட்சியில் கேட்டு, கண்மாய்க்குள் மண்டிக்கிடக்கிற சீமைக்கருவேலைத் தூரோடு எடுங்கள். தண்ணீர் நிற்க இடம் கிடைக்கும். பக்கத்தில் நிற்கும் நாட்டுக்கருவேலில் மட்டும் அரிவாள் படவேண்டாம்.

தை மாதம் மழைத்தண்ணீர் நின்றிருந்தால், பங்கிலிருந்து வேனில் சித்திரங்குடி போவோம். பிள்ளைகள் ஆசைதீரப் பார்க்கட்டும். பார்த்து மகிழ்வதும் படைத்தவருக்குச் செலுத்தும் புகழ்தான். பாட்டு மட்டும் போடவேண்டாம். சாப்பிட்ட பொட்டலங்களைத் திரும்ப எடுத்து வருவோம். படம் எடுப்பதற்காகக் கூட்டுமரத்தை நெருங்கவேண்டாம், தம்பிகளே. தாய் பயந்து எழும்பிவிட்டால், குஞ்சுகள் வெயிலுக்கும் பருந்துக்கும் தனியாக நிற்கும்.