கள்ளின் மயக்கமும் கேவல இருளும்

சில ஆண்டுகட்கு முன்னர், கொள்ளிடத்தின் வடகரைக்கணுள்ள திருமழபாடியில், பங்குனிப் புனர்பூசத்து நந்தியெம்பெருமான் திருமண விழாவையொட்டி, முத்திநிலை குறித்து யாம் விரிவுரை யொன்று நிகழ்த்தினேம். முடிவில், அரியலூர்ச் சுண்ணாம்புக்கற் சுரங்கத்திற் கூலிவேலை செய்வார் ஒருவர் கள்நாற்றம் வீச எழுந்து, “ஐயா, குடித்தால் நான் என்பது போய்விடுகிறது. கடன் தெரியவில்லை, கவலை தெரியவில்லை. நீங்கள் சொல்லும் முத்தி இதுதானே?” என வினவினார். அவையோர் நகைத்தனர், இருவர் அவரைப் பிடித்து வெளியேற்றினர். யாம் வாளாவிருந்தேம். நகைத்தற்குரியதன்று அவ்வினா என்பது பின்னரே எமக்குப் புலனாயிற்று.

கள்ளுண்பார் விரும்புவது கள்ளையன்று, தம்மை மறத்தலையே. யாங்ஙனமெனின், சகலத்தில் தத்துவங்களோடு கூடிச் சிறிதே அறிவு விளங்கப்பெற்று, இருவினைப்பயன் நுகர்ந்து வருந்தும் உயிர், அவ்வருத்தத்தினின்று நீங்க விழைதல் இயல்பு. நீங்குதற்கு மேல்நோக்கிய நெறியாவது அருளைச் சார்ந்து சுத்தத்தைத் தலைப்படுதல். கீழ்நோக்கியது ஆணவ இருளாகிய கேவலத்தில் மீள அமிழ்தல். இரண்டிடத்தும் ‘யான்’ என்னும் முனைப்புத் தோன்றாமை ஒக்கும். ஒப்புமை அவ்வளவே. ஒன்றில் அது ஒளியில் அடங்குகின்றது. மற்றொன்றில் இருளில் ஒளிந்திருக்கின்றது. ஒளிந்தது விடியலில் மீண்டும் எழும். அமிழுமுன்னரும் அஃது எத்துணைப் பெருத்து ஆர்ப்பரிக்கும் என்பதை அவர் மனைவி மக்களைக் கேட்டறிக.

இனி, ஒருமுறை உண்டவர் விடமாட்டாமை எற்றுக்கெனின், உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினதாகலான் என்க. கஞ்சாவுக்கும் மயக்க மாத்திரைக்கும் இஃதொக்கும். பலகால் உண்டார்க்கு மூளையே மாறுபடுகின்றதென்றும், முன்னை யளவு இன்பந் தாராதென்றும், நிறுத்திய வழிக் கைந்நடுக்கமும் உறக்கமின்மையும் உண்டாமென்றும் இக்கால மருத்துவ நூலார் கூறுப. அமெரிக்க மருத்துவச் சங்கத்தார் 1956-இல் இதனை நோயென்றே கொண்டனர். பெருங்காயம் நீங்கிய பின்னும் பாண்டத்தில் அதன் வாசனை நிற்றலை உவமை கூறிவரும் நம்மனோர்க்கு இது புதிதன்று.

1937 அக்டோபரில் இராஜாஜி அரசு சேலத்தில் மதுவிலக்குத் தொடங்கியது, 1948-இல் அது மாகாண முழுமைக்கும் ஆயிற்று, 1971-இல் தளர்ந்தது. 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே கடைதோறும் சில்லறையாக விற்கின்றது. கடைகள் திறந்திருக்கவே, பெரம்பலூருக்கு வடக்கே கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி அறுபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடையடைத்தல் வேண்டுவதே, அதனைக் குறை கூறேம். ஆயின் வேட்கையின் வேரைச் சட்டம் தொடுவதில்லை.

மடங்களைச் சார்ந்தாருட் சிலர், “அது அவன் வினை” எனக் கூறி அமைவர். இது சித்தாந்தமன்று, சோம்பல். பிராரத்தம் துன்பத்தைக் கொணரும். அத்துன்பத்துக்கு எதிரே குடத்தை எடுத்தல் ஆகாமியம். அங்ஙனமே, துன்புறுவானைக் கண்டு முகந்திருப்பிப் போதலும் நம் ஆகாமியமே. சிவஞானபோதம் பன்னிரண்டாம் சூத்திரம், ஞானம் எய்தினார்க்கும் மலவாசனை தாக்காதிருத்தற்கு அன்பர் கூட்டத்தை விதித்தது. ஞானிக்கே கூட்டம் வேண்டுமாயின், குடியினின்று மீள்வானைத் தனியே விடுதல் யாது நீதி? 1935-இல் அமெரிக்காவில் குடிகாரர் இருவர் ஒருவர்க்கொருவர் துணையாய் அமர்ந்து தொடங்கிய கூட்டம் உலகெங்கும் பரவியுள்ளது. அவர் மெய்கண்டாரை ஓதியவரல்லர்.

திருவாலம்பொழிலில் துயின்ற சுந்தரர் கனவில் இறைவன் தோன்றி, மழபாடியை மறந்தனையோ என வினவியதைச் சேக்கிழார் கூறுவர். மறந்தவனை இறைவன் வைதிலன், நினைப்பித்தான். அவ்வூரிலேயே யாம் ஒருவர் வெளியேற்றப்படுதலைக் கண்டிருந்தேம்!

அவரைப் பின்னர்க் காணப்பெற்றிலேம். வரும் பங்குனியில் அவ்விடத்திலேயே பேச இசைந்துள்ளேம். அவர் எந்நிலையில் வரினும் முன்வரிசையில் இருத்துமாறு விழாவினரிடம் சொல்லிவைத்திருக்கின்றேம்.