வலிந்து வரவழைக்கும் நற்குணம் நயவஞ்சகமா?

உள்ளத்தில் ஒன்றும் உதட்டில் ஒன்றுமாக நடப்பவனை முனாஃபிக் என்கிறோம். அப்படியானால், பொறாமையால் உள்ளம் வெந்துகொண்டிருக்கும்போதே, பொறாமைக்குக் காரணமான அந்த மனிதனைப் புகழ்ந்து பேசி அவனுக்காக துஆவும் செய்கிறவனை என்னவென்று சொல்வது? தன்னைத் திருத்திக்கொள்கிறவன் என்றா, நயவஞ்சகன் என்றா?

இந்தக் கேள்வி கிதாபிலிருந்து எனக்கு வந்ததல்ல. என்னோடு ஓதிய ஆலிம் ஒருவர் இருக்கிறார். குரல் வளம் அவருக்கு, மீலாது மேடைகள் அவருக்கு. நானோ சிறிய பள்ளி ஒன்றில் இமாமத்தும், மாலையில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதுமாக இருந்தேன். அவருடைய பயானில் ஒரு பெயர் தவறாக வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அன்றிரவு எனக்கு நல்ல உறக்கம் வரும். வெட்கத்தை விட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதற்கு மருந்து சொல்லியிருக்கிறார்கள். பொறாமை எதைச் செய்யச் சொல்கிறதோ அதற்கு நேர்மாறானதைச் செய்ய வேண்டும். குறை சொல்லத் தூண்டினால் புகழ வேண்டும். கொடுக்காதே என்றால் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். நானும் அப்படியே செய்து பார்த்தேன். கேட்டவர்களிடமெல்லாம் அவரைப் புகழ்ந்தேன். ஆனால் புகழ்ந்துவிட்டு வீடு திரும்பும்போது, நான் பொய்யன் அல்லவா என்று மனம் குத்திற்று.

அந்த நாட்களில் ஒரு நிக்காஹ் விஷயமாகப் பழவேற்காட்டுக்குப் போனேன். 1613ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். நம் மக்கள் பன்னெடுங்காலமாக வாழும் ஊர். நம் பெண்கள் பனையோலையில் முடையும் கூடைகளுக்கும் பெட்டிகளுக்கும் பெயர் பெற்ற ஊர். ஃபஜ்ருக்குப் பின் ஏரிக்கரைக்கு நடந்தேன்.

அங்கே கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவரிடையே ‘பாடு’ என்றொரு பழைய முறை உண்டு. கடல்நீர் ஏரிக்குள் ஏறி இறங்கும் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில்தான் இறால் நிறைய விழும். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். ஆகவே யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலையிடுவது என்று முறை வைத்திருக்கிறார்கள். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும். (பாட்டில் பங்கில்லாத மற்றக் குப்பத்தாருக்கு இதில் மனக்குறை உண்டு, அது தனி வழக்கு.) இருந்தாலும் முறைதான் சமமே தவிர, இறால் சமமாக விழுவதில்லை. நீரோட்டம் நன்றாக இருக்கும் நாள் ஒருவனுக்கு வாய்க்கும். நீர் மந்தமாகக் கிடக்கும் நாள் இன்னொருவனுக்கு வாய்க்கும். பாடு கையைக் கட்டும். கரையில் நின்று பார்க்கிறவனின் நெஞ்சை அது என்ன செய்ய முடியும்?

நான் போன வேளையில் ஒரு படகிலிருந்து கூடை கூடையாக இறால் இறங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் ஒருவர் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார். அது அவருடைய வலை அல்லவாம். முந்தின நாள்தான் அவருடைய முறையாம், கூலிக்குக்கூடத் தேறவில்லையாம். நான் மெல்லக் கேட்டேன்: “ஐயா, உங்க மனசு எரியலையா?”

“எரியாம இருக்குமா பாய்? வீட்லயே உக்காந்திருந்தா இன்னும் எரியும். அதான் வந்துட்டேன்.”

அவர் நல்லவராக நடிக்கவில்லை. எரிவதை என்னிடமே ஒப்புக்கொண்டார். ஆனாலும் கூடையைத் தூக்கினார். என் கேள்வி அங்கேதான் அவிழ்ந்தது. முனாஃபிக் தன் உள்ளத்தை அப்படியே வைத்துக்கொள்ள விரும்புகிறான். பிறர் அதை அறியக்கூடாது என்பது மட்டுமே அவன் கவலை. திருந்த முயல்பவனோ அந்த உள்ளம் தன்னிடம் இருப்பதையே வெறுக்கிறான். வெளியே இருவர் செயலும் ஒன்றுபோல் தெரியும், நிய்யத்து வேறு. பொறுமையும் அப்படி வலிந்து பழகுவதால் வருவதுதான் என்ற கருத்து ஹதீஸிலும் உண்டு. அழகாக எழுத விரும்புகிறவன் தேர்ந்த எழுத்தாளரின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதியே அதைத் தன் எழுத்தாக்கிக்கொள்கிறான் என்று இமாம் அவர்களும் உதாரணம் காட்டுகிறார்கள். முதல் நாள் எழுதியதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் என் மருந்தில் ஒரு கலப்படம் இருந்ததைத் திரும்பும் பேருந்தில்தான் கண்டேன். நான் புகழ்ந்ததெல்லாம் நாலு பேர் முன்னிலையில்! “ஹஜ்ரத்துக்கு எவ்வளவு பெரிய மனசு” என்று அவர்கள் சொன்னது எனக்கு இனித்தது. ஹஸதை விரட்டப் போய் ரியாவை வாசலில் உட்காரவைத்திருந்தேன்.

அதன்பின் சபைகளில் அவர் பேச்சை நானாக எடுப்பதில்லை. யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்வேன். தஹஜ்ஜுதுக்கு எழுந்த இரவுகளில், யாருமில்லாதபோது, அவர் பெயரைச் சொல்லி துஆக் கேட்கிறேன். முதல் வாரங்களில் பெயரைச் சொல்லும்போதே தொண்டை கட்டியது. சென்ற ரபீஉல் அவ்வலில் எங்கள் ஜமாஅத்தார் அவரைப் பேச அழைத்தார்கள். முன்வரிசையில் அமர்ந்து கேட்டேன். நல்ல பயான். பாதிவரை எனக்கு ஒன்றுமில்லை. பிறகு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன்.