ஒரே அடி, திரும்பத் திரும்ப

பங்குத் திருநாள் சுற்றுப்பிரகாரத்தில் பேண்ட் வாத்தியத்திடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம்? ஒரு பாட்டு முடிந்ததும் மற்றொன்று, அதுவும் முந்தியதைவிட உரத்து வரவேண்டும். ஒரே அடியை அரைமணி நேரம் அடித்தால், பிள்ளைகளுக்கு வேறொன்றும் பழக்கவில்லையா என்று கேட்டுவிடுவோம். அப்படிக் கேட்கிற நாமே அன்று மாலை செபமாலையில் 53 தடவை மங்கள வார்த்தை செபம் சொல்கிறோம்.

அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 1970இல் கானா நாட்டுக்குப் போய் மேளம் பயின்றார். 1971இல் ஒரேயொரு தாளக்கட்டை வைத்து ஒரு மணி நேரம் நீளும் மேள இசையை அமைத்தார். 1972இல் செய்தது இன்னும் எளிது. வாத்தியமே வேண்டாம், இருவர் கைதட்டினால் போதும். தாளத்துக்கு 12 எண்ணிக்கை. இருவரும் ஒன்றாகத் தொடங்குவார்கள். ஒருவர் கடைசிவரை மாற்றாமல் தட்டுவார். மற்றவர் சற்றைக்கொருமுறை ஓர் எண்ணிக்கை நகர்ந்து தட்டுவார். பன்னிரண்டாம் நகர்வில் இருவரும் மறுபடி ஒன்றாகிவிடுவார்கள்.

இதை நம் பிள்ளைகள் அணிநடையாகவே செய்யலாம். கால்நடை எல்லாருக்கும் ஒன்றே. கைகள் மட்டும் விலகும். மைதானத்தில் 12 இடங்கள் குறித்து ஒரு வட்டம். நடுவில் ஒரு வரிசை நின்று தாளத்தைக் காக்கும். மற்ற வரிசை நகர்வுக்கு ஓரிடமாகச் சுற்றிப் பழைய இடத்துக்குத் திரும்பும். திம்புள்ளயில் மேட்டு லயத்திலிருந்து பார்ப்பவருக்கு வட்டம் முழுவதும் தெரியும். ஊதாரி மைந்தன் நினைவுக்கு வருவான். விலகிப் போகிறவன் பாடுதான் கஷ்டம் என்று நினைப்போம். செய்து பாருங்கள்: மாறாமல் நிற்கிறவனுக்கே கஷ்டம் அதிகம். பக்கத்துத் தாளம் அவனை இழுத்துக்கொண்டே இருக்கும்.

நடுவில் யாரை நிறுத்துவது? தப்பை நிறுத்தலாம் என்பது என் எண்ணம். இங்கேதான் மனச்சாட்சி குறுக்கிடுகிறது. தோட்டங்களில் ஒரு காலத்தில் விடியுமுன் தப்படித்தே தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு எழுப்பினார்கள். வட்டகொடையை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையின் ஆங்கிலக் கவிதையிலும் அந்த ஒலி உண்டு. அதே அடி, அதே மலை, அதே கொழுந்து. இதையும் செபம் என்று சொல்ல விரும்புகிறவர், கூடை சுமந்தவரை முதலில் கேட்டுவிட்டுச் சொல்லட்டும். செபமாலை மணியை நாமாகத் தள்ளுகிறோம்; பெரட்டுத் தப்பை அடிக்கச் சொன்னவர் வேறொருவர். பட்ட கஷ்டத்தை வேடிக்கையாக்குவதா என்று கேட்பவருக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஆனால் அதே தப்பு காமன் கூத்திலும் ஒலித்தது, மரண வீட்டிலும் ஒலித்தது. அங்கே அது துரைக்காக ஒலிக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. தப்படித்தவரைச் சாதி சொல்லி ஒதுக்கியவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. தமிழகத்தில், திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்களே பறையைக் கையிலெடுத்து மேடையேறினார்கள். யாரும் இரங்கிக் கொடுத்த இடமல்ல அது. நாம் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தப்புக்காரரை லயத்திலேயே விட்டுவிட்டால், அதற்குத் திருட்டு என்றே பெயர். அவரே வரட்டும், பிள்ளைகளுக்கு ஆசானாக, உரிய ஊதியத்தோடு வரட்டும்.

திம்புள்ள மழையில் தப்பின் தோல் தளர்ந்துவிடும். அடிக்குமுன் நெருப்பில் காய்ச்சவேண்டும். அந்த நெருப்பை மூட்டக் கோவில் முற்றத்துக்குள்ளேயே இடம் விடுங்கள்.